ஓட்டாஞ்சில்லில் என் பெயர்

பூந்தொட்டி உடையும்போது கிளம்புகிற செம்மண் தூள் மூக்கில் ஏறினால், இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது தும்மல் இல்லை, ஆத்திரம். தொண்ணூறுகளின் நடுவில், அமெரிக்க ஊரான பிளசன்டனில் நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, பழைய கிரேக்கத்தைப் படித்தால் போதாது, வாழ்ந்து பார்க்க வேண்டும் என்று சொல்லி, டீச்சர் வாரத்துக்கு ஓர் ஆட்சியை வகுப்புக்குள் கொண்டுவந்தார். முதல் வாரம் ஓர் அரசன். அடுத்த வாரம் சீட்டு எடுத்த ஆறு பேர் பிரபுக்கள், அதில் என் தோழி பிரியாவும் ஒருத்தி. பந்து, ஜன்னலோர மேஜை, வரிசையில் முதல் இடம் எல்லாம் அவர்களுக்கே. மூன்றாம் வாரம் 'டைரன்ட்' சீட்டு எனக்கு விழுந்தது. இப்போது கொடுங்கோலன் என்கிறோமே, ஆரம்பத்தில் அந்தக் கிரேக்கச் சொல்லுக்குப் பிறப்புரிமை இல்லாமல் ஆட்சியைப் பிடித்தவன் என்றுதான் அர்த்தமாம். பிடித்த கையோடு பந்தை எல்லோருக்கும் பொதுவாக்கினேன். நான் செய்த கொடுமை அவ்வளவுதான்!

நாலாம் வாரம் மக்களாட்சி. பூந்தொட்டிகளை உடைத்து ஆளுக்கொரு ஓட்டாஞ்சில்லைக் கொடுத்து, யார் ஆபத்தானவரோ அவர் பெயரை எழுதி மறுநாள் கொண்டுவரச் சொன்னார் டீச்சர். அதிகச் சில்லில் பெயர் வருகிறவரை ஏதென்ஸில் பத்து வருடம் நாடுகடத்துவார்களாம். எங்களுக்குப் பத்து நாள். நான்தான் தோற்றேன். பத்து நாளும் நூலகத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும், யாரும் என்னோடு பேசக் கூடாது.

மேஜையில் பரப்பியிருந்த சில்லுகளைப் பார்த்தேன். பதினொன்றில் ஒரே கையெழுத்து. "ஏதென்ஸிலும் இப்படிச் சிலர் மற்றவர்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்" என்று டீச்சர் பூரித்துப்போனார். நான் பார்த்தது வேறு. எழிலரசி என்ற என் பெயரின் ழகரத்துக்குப் பாஸ்போர்ட்டில் யாரோ 'எல்' போட்டுத் தொலைத்ததால், பள்ளிக்கூடத்துக்கு நான் 'எலில்'. அந்தப் பதினொன்றில் மட்டும் 'இசட்', 'எச்' போட்டு ழகரம் சுத்தமாக இருந்தது. அப்படி எழுதத் தெரிந்தவள் அந்த வகுப்பில் ஒருத்திதான்: பக்கத்து ஊர் லிவர்மோரில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பிரியா.

வீட்டில் கத்தித் தீர்த்தேன். "விடும்மா, கேம்தானே" என்றார் அப்பா. அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "பிரியாவோட அப்பா பெரிய டாக்டர். வாரா வாரம் அவங்க கார்லதான் லிவர்மோர் போறோம். இதுக்குப் போய் பிரச்சினை பண்ணாதே."

அடேங்கப்பா, பிரபுக்கள் எங்கள் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள்!

அந்த ஞாயிறு காரில், "ஏண்டி எழுதினே?" என்று பிரியாவிடம் கேட்டேவிட்டேன். "நீதானே டைரன்ட்?" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முன்சீட்டில் இருந்த அவள் அம்மா, "என்ன சண்டை அங்க?" என்றதும், என் அம்மா என் தொடையைக் கிள்ளினாள். 'ஸாரி' சொன்னேன். நான் சொன்னேன்!

இப்போது என் மகளும் அதே பள்ளியில்தான் படிக்கிறாள். தொட்டியும் இல்லை, சில்லும் இல்லை; கிரேக்கம் திரையில் இரண்டு பக்கமாக வந்து போய்விடுகிறது. பிரியாவோடு பேச்சும் அந்த ஞாயிறோடு போயிற்று. எங்கே கையெழுத்துப் போட்டாலும் 'எல்' போட்டுத்தான் போடுகிறேன். என் பெயரைச் சரியாக எழுதத் தெரிந்திருந்த ஒரே தோழி, அதை எழுதியது என்னைத் துரத்தத்தான்.