திருப்பதியின் தாடையும் ராக்கனின் கறித்துண்டும்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தலைச்சுமையாக முந்திரிக்கொட்டை விற்று, இன்று ஆலங்குடியில் முந்திரி உடைக்கும் கொட்டகை சொந்தமாக வைத்திருக்கிறேன். பட்டதாரிகள் ஆறு பேர் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். அதனால் படித்தவர்களின் லட்சணம் எனக்குத் தெரியும். இது என் லோடு வண்டி ஓட்டும் திருப்பதியின் கதை. அவன் மாமனார் ராக்கனின் லட்சணமும் இதில் வரும்.

திருப்பதிக்குக் கீழ்த்தாடை முன்னே நீண்டிருக்கும். முன்பல் ஒன்றோடொன்று சேராது. கொய்யாப்பழத்தைக்கூட நறுக்கிக் கடைவாயில் போட்டுத்தான் அரைப்பான். ஆனால் தை பிறந்தால் சுற்றுப்பட்டு ஜல்லிக்கட்டு மைக் எல்லாம் அவன் கையில்தான். மாட்டுக்காரன் பேர், ஊர்ப் பேர் என்று மூச்சுவிடாமல் அடுக்குவான். முப்பது வயதுக்குமேல் தாடை மூட்டில் வலி எடுத்து, ஒரு மணி நேரம் பேசினாலே வாய் பூட்டிக்கொள்ள ஆரம்பித்தது. மைக் போனால் அவனை யாருக்குத் தெரியும்? அதற்காகத்தான் ஒன்றரை வருஷம் பல்லுக்குக் கம்பி போட்டு, வைகாசியில் திருச்சியில் ஆபரேஷனுக்குப் படுத்தான். ஊர்க்காரர்களோ, சினிமாவில் நடிக்கப் போகிறான் என்று இளித்தார்கள். அவர்களுக்கு வேறென்ன தெரியும்!

டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை.

"ரெண்டு பக்கமும் எலும்ப அறுத்து, பின்னால தள்ளி, தகடு வச்சுத் திருகாணி போடுவோம். கீழ் ஒதட்டு நரம்பு அதுக்குள்ளதான் ஓடுது. ஒதடு மரத்துப்போகும். மாசக்கணக்குல சரியாகலாம், சில பேருக்கு ஆகாமயும் போகலாம். ஆறு வாரம் எதையும் மெல்லக் கூடாது. மென்னா எலும்பு நகந்துரும்."

இதையெல்லாம் தமிழில் அச்சடித்த தாளும் கொடுத்தார். நான் எழுத்துக்கூட்டி நாலு தடவை படித்தேன். ராக்கன் பி.ஏ., ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். அந்தத் தாளை விசிறியாக மடித்து வீசிக்கொண்டார்.

ஆபரேஷன் முடிந்ததும் திருப்பதியின் முகம் பூசணிக்காயாக வீங்கியது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் ரப்பர் வளையம் போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள். அவன் மனைவி ரம்யா பருப்புத் தண்ணியும் கேப்பைக்கூழும் வடிகட்டி, ஊசியில்லாத சிரிஞ்சால் கன்னத்துக்குள் விட்டாள். மூன்று வாரத்தில் எட்டு கிலோ இளைத்துப்போனான். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் பை பையாக ஆப்பிள் வாங்கி வந்தார்கள். வாய் கட்டியவனுக்கு ஆப்பிள்!

நாலாவது வாரம் ராக்கன் வீட்டுக் குலதெய்வத்துக்குக் கிடாவெட்டு. முதல் கறி மருமகன் இலையில் விழ வேண்டும்; அவன் தின்ற பிறகுதான் பந்தி கை நனைக்கும். அது அவர்கள் வழக்கம்.

"மாப்ள, ஒரே துண்டு. பஞ்சாட்டம் வெந்துருக்கு. பந்தியே ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கு."

"மெல்லக் கூடாதுங்க மாமா."

"அட, சாமி கறி ஒண்ணும் பண்ணாது. டாக்டரு என்ன, நம்ம சாமிய விடப் பெரிய ஆளா?"

இது ரம்யா பிறகு சொன்னது. நான் போய் இறங்கியபோது, ரப்பரைக் கழற்றிவிட்டு மென்றுகொண்டிருந்தான். முகவாயில் ரத்தம் வழிந்தது.

"டேய், வாயெல்லாம் ரத்தம்டா!"

"கொழம்புன்னு நெனச்சேன் மொதலாளி."

மரத்துப்போன உதட்டையும் கறியோடு சேர்த்து மென்றிருக்கிறான். பந்தி சிரித்தது. ராக்கனும் சிரித்தார், பி.ஏ. சிரிப்பு.

அப்படியே என் காரில் ஏற்றித் திருச்சிக்குக் கொண்டுபோனேன். எக்ஸ்ரேயில் ஒரு திருகாணி தளர்ந்திருந்தது. "இன்னும் ரெண்டு துண்டு தின்னுருந்தா மறுபடி அறுத்துருக்கணும்" என்று திட்டிவிட்டு, டாக்டரம்மா ரப்பருக்குப் பதிலாகக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். திரும்பவும் ஆறு வாரம் கூழ். கம்பியை அவிழ்த்த பிறகு வாய் ஒரு விரல்கூடத் திறக்கவில்லை. வாய் திறக்க, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே ஐஸ் குச்சிகளை அடுக்கி, நாளுக்கு ஒன்றாகக் கூட்டினான்.

ஜல்லிக்கட்டுக் கமிட்டி அதற்குள் மைக்குக்கு வெளியூர் ஆளைப் பேசப் பார்த்தது. தலைவர் நான், என் பேச்சுக்குமேல் அங்கே பேச்சில்லை. "அவன் ஏறட்டும். முடியலேன்னா அவனே எறங்கிருவான்," என்றேன்.

தை வந்தது. உதட்டின் வலப்பக்கம் இன்னும் மரத்துத்தான் கிடந்தது. எச்சில் வழிந்தால் தெரியாது என்பதால் துண்டால் துடைத்துத் துடைத்துப் பேசினான். இரண்டு மணி நேரம் ஆகியும் தாடை பூட்டவில்லை. அப்போது ராக்கன் தடுப்புக்குள் நுழைந்து, பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினார்.

"மாப்ள, ஈரல் வறுவல்! இப்பத் திங்கலாம்ல?"

மைக் முழங்கியது.

"பொட்டலம் வச்சிருக்கிற பெரியவரே, திருவரங்குளத்துக் கறுப்புக் காளைய அவுக்கப் போறோம். அதுவும் ஒங்களாட்டந்தான், குடுத்த தாளப் படிக்காது. ஓடிருங்க மாமா!"

பி.ஏ. பொட்டலத்தைப் போட்டுவிட்டு, வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியதை ஊரே பார்த்தது. நான் பார்த்தது திருப்பதியின் வாயை. ஒரு சொல்கூடக் குழறவில்லை.