தரைக்கு ஒரு சட்டம், மாடிக்கு ஒரு சட்டம்

தாராவியில் எங்கள் வீடு ஓர் அறைதான். கொழுந்தனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அதன் மேலேயே தகரம் போட்டு இன்னோர் அறை எழுப்பினார்கள். ஏறிப்போக வெளியே ஓர் இரும்பு ஏணி. எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. வந்தவளுக்குக் காற்றும் வெளிச்சமும். எனக்கு மழை வந்தால் வீட்டுக்குள்ளேயே சாக்கடைத் தண்ணீர். ஓரகத்தியை "மாடி மகாராணி" என்றுதான் கூப்பிடுவேன். அவளும் சளைத்தவள் இல்லை, மேலே நின்றுகொண்டு "என்ன பாதாள லோகம், சாப்பாடு ஆச்சா?" என்பாள். சமையல் இரண்டு வீட்டுக்கும் ஒன்றாக, கீழேதான்.

இப்போது எல்லாவற்றையும் இடித்துக் கட்டப்போகிறார்கள். தரை வீட்டில், பல வருஷமாகக் குடியிருப்பதற்கான காகிதங்களோடு இருப்பவர்களுக்கு இங்கேயே இலவச வீடு. மாடியில் இருப்பவர்களுக்கு வெளியே, மான்குர்த் பக்கம் என்று பேச்சு. அதுவும் வருஷக்கணக்கில் வாடகை கட்டித்தான் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவனை ஒரு மழைக்காலம் முழுக்க என் வீட்டில் படுக்கவைக்க வேண்டும். ஓரகத்தி மாட்டுங்காவில் இரண்டு வீடுகளில் சமைக்கிறாள். இங்கிருந்து நடந்தே போய்விடுவாள். மான்குர்திலிருந்து ரயிலில் இடிபட்டு வந்து, திரும்பிப்போய், பிள்ளையை எப்போது பார்ப்பாள்?

ஒரு வழி இருந்தது. மேலே இருப்பது வெறும் பரண், எல்லாரும் ஒரே குடும்பம் என்று சொல்லிவிடலாம். மாடிக்கென்று தனி வீடு கிடைக்காது. ஆனால் எனக்குக் கிடைப்பதில் எட்டுப் பேரும் இருந்துகொள்ளலாம். கணக்கெடுப்பவர்கள் வருவதற்கு முந்தின நாள், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளிடம் சொன்னேன்.

"ஏட்டி, நீ எங்கயும் போவாண்டாம். ஒரே குடும்பம்னு சொல்லிருதேன். ஒண்ணா இருப்போம்."

"யக்கா, அந்த வீட்ல ஏணி உண்டுமா?"

"பெரிய பில்டிங்ல எதுக்குட்டி ஏணி? லிஃப்ட் இருக்கும்."

"அதச் சொல்லல. உங்க மேல கோவம் வந்தா நான் ஏணில ஏறிப் போயிருதேன். இறங்கி வரும்போது கோவம் போயிருது. அங்க எட்டுப் பேரும் ஒரே தரையில கெடந்தா கோவத்த எங்கக்கா கொண்டு வைக்க? ஆறே மாசத்துல ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்க மாட்டோம். தூரமா இருந்தாலும் எனக்கு நீங்க வேணும்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இத்தனை வருஷமாக என் நல்ல குணத்தால்தான் குடும்பம் உடையாமல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அழுகை வந்தது. பழியை வெங்காயத்தின் மேல் போட்டேன்.

மறுநாள் கணக்கெடுக்க வந்தவன், இங்கே எத்தனை குடும்பம் என்று இந்தியில் கேட்டான். என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"தோ," என்றேன்.

ஊரிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தாலும் எங்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒன்றுதான் வரும். நாங்கள் இரண்டு குடும்பம் என்று என் வாயால் சொன்னது அன்றைக்குத்தான்.