பை மாமா பார்த்த கார்

குடும்பத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் பை மாமா. மற்ற வீட்டு மாமாக்கள் சட்டைப்பையில் மிட்டாய் வைத்திருப்பார்கள். இவர் மடித்த பிளாஸ்டிக் பை ஒன்றை வைத்திருப்பார், வாந்தி எடுப்பதற்கு. பஸ்ஸோ காரோ, இரண்டாவது திருப்பத்தில் முகம் வெளுக்கும். மூன்றாவது திருப்பத்தில் பை வெளியே வரும். எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் சொந்தக்காரர்கள் அவரைப் பார்த்து "வாங்க" என்று சொல்வதற்கு முன்னால் "எடுத்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். சிரிக்காமல் வேறென்ன செய்வது, வயிறு அவர் பேச்சைக் கேட்டால்தானே?

கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவருக்கு வேலை. பின்னறையில் தண்ணீர் சொட்டும் சக்கரத்தில் கண்ணாடியை வட்டமாகத் தேய்ப்பார். முன்னறையில் எழுத்துப் பலகைக்கு எதிரே ஆட்களை உட்கார வைத்து, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று பொறுமையாகக் கேட்பார். இந்தக் கேள்வி நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டில் சட்டை எடுத்தாலும் இதே கேள்வி, குழம்பு வைத்தாலும் இதே கேள்வி. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, அக்கா வீட்டு மாடியறையில் குடியிருந்தார். கடை நடந்துபோகிற தூரத்தில் இருந்ததால் அவருக்கு வண்டியோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை.

இப்படிப்பட்டவரைத்தான் அக்கா தன் மகளோடு கார் பார்க்க அனுப்பினாள்.

மகள் நர்சிங் கடைசி வருஷம். பயிற்சிக்காக அவளைப் போட்டிருந்த ஆஸ்பத்திரி ஊரின் மறுகோடியில், நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. காலை ஷிப்ட் தொடங்கும் நேரத்துக்கு முதல் பஸ்ஸே கிளம்பாது. யார் யார் வண்டியிலோ தொற்றிக்கொண்டு போனதில் ஏற்கெனவே சில நாள் தாமதமாகியிருந்தது. "இன்னொரு தடவை லேட்டா வந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன். அடுத்த வருஷம் திரும்ப வா" என்று தலைமை நர்ஸ் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான், அந்த அம்மாள் அப்படி. இன்னொரு வருஷத்துக்குப் பணம் கட்ட வீட்டில் வழியில்லை. வெளியூரில் வேலை செய்யும் அப்பா அனுப்புவது வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாக இருந்தது.

ஸ்கூட்டர் என்ற பேச்சை எடுத்தபோது அம்மா, "லாரி ஓடுற ரோட்டுல, இருட்டுலயா? என் உசுரு இருக்கிறவரைக்கும் நடக்காது" என்று முடித்துவிட்டாள். ஆக, கார்தான். சனிக்கிழமைகளில் பேக்கரியில் நின்று சேர்த்த பணத்துக்குப் புதுக் காரின் சக்கரம்தான் வரும். பழைய கார் ஒன்று, பார்க்க எப்படி இருந்தாலும் சரி, நடுவழியில் காலை வாராத காராக வேண்டும்.

பெண் விவரமானவள். பழைய கார் வாங்குவதைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்து வைத்திருந்தாள். ஆனாலும் அம்மா, "தனியாப் போகாதே, மாமாவைக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

"காரைப் பத்தி மாமாவுக்கு என்னம்மா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. அது விக்கிறவனுக்குத் தெரியவா போகுது?"

அம்மா சொன்னது பலித்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு தரகரிடம் போனார்கள். மாமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, திறந்த பானட்டுக்குள் வெகுநேரம் பார்த்துவிட்டு "ம்ம்..." என்றார். அவ்வளவுதான். தரகர் தானாகவே, "ஒரு சின்ன ஆயில் ஒழுக்கு இருக்கு சார், அது எல்லா வண்டியிலயும் இருக்கிறதுதான்" என்று உளறிவிட்டார். மாமா பார்த்துக்கொண்டிருந்தது முன்கண்ணாடி கழுவத் தண்ணீர் ஊற்றும் டப்பாவை. அதன் மூடி நீலமாக அழகாக இருந்ததாம்.

அடுத்தடுத்த வாரங்களிலும் இதே கதை. ஒரு வண்டியில் ஒரு கதவு மட்டும் கொஞ்சம் வேறு நிறம். எங்கேயோ நன்றாக அடி வாங்கியிருக்கிறது. இன்னொன்றின் பானட்டை அவள் தொட்டுப் பார்த்தால் சுடுகிறது. ஆறிய எஞ்சினைக் காலையில் கிளப்பினால்தான் வண்டவாளம் தெரியும் என்பதால் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். வேறொன்றின் காகிதத்தில் இருந்த பெயருக்கும் விற்க வந்தவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஒவ்வொரு வண்டியையும் அவள் ஓட்டிப் பார்ப்பாள். மாமா பின்சீட்டில், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு, கையில் பையோடு உட்கார்ந்திருப்பார். இறங்கி, வாயைக் கொப்பளித்துவிட்டு, "இது நல்லா இருக்கா பாப்பா, முன்னாடி பாத்தது நல்லா இருந்துச்சா?" என்று கேட்பார். வாரத்தில் அவருக்குக் கிடைப்பதே ஒரு லீவு நாள். அதை வாந்தி எடுக்க என்றே ஒதுக்கி வைத்தது போலத் தவறாமல் வந்துகொண்டிருந்தார்.

பயிற்சியின் அடுத்த சுற்று தொடங்க ஒரே வாரம் இருக்கும்போது அந்தச் சிவப்பு வண்டி கிடைத்தது. ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஒருவருடையது. நல்ல மனுஷர், முகத்திலேயே கபடம் இல்லை. சர்வீஸ் ரசீதுகளைத் தேதி வாரியாகக் குத்தி வைத்திருந்தார். கதவுகள் எல்லாம் ஒரே நிறம். டயர் நாலும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தன. ஆறிய எஞ்சின், சாவியைத் திருப்பியதும் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. உள்ளே எலுமிச்சை வாசனை டப்பா ஒன்று கமகமவென்று தொங்கியது.

"குடும்ப வண்டிங்க. இடம் பத்தல, அதனாலதான் குடுக்கிறேன். எங்க குட்டிக்கு இந்த வண்டின்னா உசுரு. பின்னாடி உக்காந்தா தெருமுனை தாண்டுறதுக்குள்ள தூங்கிடுவா. அவ்ளோ சொகுசு" என்றார் அவர், பெருமையாக.

விலையும் கைக்கு எட்டியது. பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. முன்பணத்தைக் கைப்பையில் கொண்டுவந்திருந்தாள். ஒரு சுற்று ஓட்டிவிட்டுக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள்.

அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு அவள் ஓட்ட, ஜெராக்ஸ்காரர் பக்கத்தில் உட்கார, மாமா வழக்கம்போலப் பின்னால். நெடுஞ்சாலை வரைக்கும் போனார்கள். சிக்னலில் நீண்ட நேரம் நின்றார்கள். வண்டி வெண்ணெயாகப் போனது. ஆஸ்பத்திரி வாசலில் இதை நிறுத்துவதையும், தலைமை நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்ல முடியாமல் போவதையும் அவள் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டாள். பிறகுதான் பின்னால் சத்தமே இல்லை என்பது உறைத்தது. கண்ணாடியில் பார்த்தாள். பை மடித்தபடியே மடியில் கிடந்தது. மாமா தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார்.

"என்ன மாமா, இன்னிக்கு வாந்தி வரலையா?"

பதில் தாமதமாக, குழறலாக வந்தது. "வரல பாப்பா... லேசாத் தலைவலி. நீ ஓட்டு."

"ஜன்னல் மூடியிருக்கில்ல, அதான்" என்றார் ஜெராக்ஸ்காரர். "பாத்தீங்களா, உங்க மாமாவுக்கே தூக்கம் வருது! நான் சொல்லல?"

அவள் சிரிக்கத்தான் போனாள். பிறந்ததிலிருந்து சிரித்துப் பழகிய விஷயமாயிற்றே. ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மாமாவுக்கு வண்டியில் வாந்தி வரும். வந்ததும் தெளிந்து, வாய் ஓயாமல் பேசுவார். அவர் தூங்கி அவள் பார்த்ததே இல்லை. வாந்தி இல்லாமல் தலைவலி, அசதி, குழறும் பேச்சு. இதை வகுப்பில் படித்திருக்கிறாள். மூடிய இடத்தில் எஞ்சின் புகை சேர்ந்தால் இப்படித்தான் ஆரம்பிக்கும். அதில் இருக்கும் நச்சுவாயுவுக்கு வாசனை கிடையாது. மிச்சம் இருக்கும் புகைநாற்றத்தை எலுமிச்சை டப்பா மூடி மறைத்துவிடும். தெருமுனை தாண்டுவதற்குள் தூங்கிவிடும் குழந்தை என்றாரே இவர்?

வண்டியை ஓரம் கட்டினாள். மழையைப் பார்க்காமல் நாலு கதவையும் திறந்து, மாமாவைக் கைத்தாங்கலாக இறக்கி, ஒரு கடையின் தாழ்வாரத்தில் உட்கார வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணைத் திறந்து, நிமிர்ந்து உட்கார்ந்து, "இப்பத் தெளிவா இருக்கு" என்றார்.

"எஞ்சின் புகை பின்னாலிருந்து உள்ள வருது. டிக்கியைத் திறங்க" என்றாள் அவள்.

ஜெராக்ஸ்காரருக்கு முகம் சுருங்கியது. அவளுக்கு ஒன்றும் எளிதாக இல்லை. நல்ல வண்டி, நல்ல விலை, இதை விட்டால் வாரத்துக்குள் இன்னொன்று கிடைக்காது. பேசாமல் இரு என்று ஒரு மனசு அடித்துக்கொண்டது. டிக்கி திறந்தது. மாமா எழுந்து வந்து, கண்ணாடிக் கடைக்காரரின் பழக்கதோஷத்தில், சட்டைப்பையிலிருந்த கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணியை எடுத்து டிக்கி ஓரத்து ரப்பரைத் துடைத்தார். துணி கரியாக வந்தது. அவருக்கே ஆச்சரியம். துணியை விரித்து இருவரிடமும் காட்டினார்.

தெருக்கோடி மெக்கானிக் ஷெட்டில் வண்டியைத் தூக்கிப் பார்த்ததும் விஷயம் வெளிப்பட்டது. சைலன்ஸர் குழாய் நடுவில் விரிசல் விட்டிருந்தது. டிக்கித் தரையில் துருப்பிடித்து ஒரு ஓட்டை. புகை நேராகப் பின்சீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. முன்னால் உட்காருகிறவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது.

ஜெராக்ஸ்காரர் ஷெட்டுக்குள் கிடந்த டயர் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். விற்காமல் போனதைப் பற்றி அவருக்கு நினைப்பே இல்லை. "வீட்டுல தூங்க வைக்கப் பாடுபடுவோம். வண்டியில தூங்குறாளேன்னு, அவ அழுதா ராத்திரியில ஒரு சுத்து கூட்டிட்டுப் போவேன்... நானே, என் கையால..." மாமா அவர் பக்கத்தில் இன்னொரு டயரில் போய் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு நடந்து திரும்பும்போது பெண் கேட்டாள்.

"அவ்ளோ தலைவலின்னா ஏன் மாமா சொல்லல?"

"நீ சந்தோஷமா ஓட்டிட்டு இருந்தே. எனக்கு எந்த வண்டிதான் ஒத்துக்குது? இதையும் சொன்னா சிரிப்பீங்கன்னு விட்டுட்டேன்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், குறையாகக்கூட இல்லை. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஜெராக்ஸ்காரர் மனைவியோடும் குழந்தையோடும் கண்ணாடிக் கடைக்கு வந்தார். டாக்டரிடம் காட்டியாயிற்று, குழந்தைக்கு ஒன்றும் இல்லை. அந்தக் குட்டி வந்த வேகத்தில் பிரேம் அடுக்கியிருந்த தட்டைத் தரையில் கவிழ்த்தாள். முதலாளி பல்லைக் கடித்தார். மனைவி மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு உடம்புக்கு முடியாமப் போனதுக்கு நாங்க நன்றி சொல்ல வேண்டியிருக்குண்ணே" என்று சொல்லி அழுதாள். வாழ்நாள் முழுக்கக் கேலி வாங்கிக் கொடுத்த உடம்புக்கு முதல் தடவையாக நன்றி கிடைத்தது. மாமாவுக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. குழந்தையைத் தூக்கி எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார வைத்து விளையாட்டுக் காட்டினார்.

சும்மா நன்றியோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. ஜெராக்ஸ்காரரின் மச்சான் ஒரு பழைய காரை விற்கும் யோசனையில் இருந்தார். அவரை அன்றே கையோடு அழைத்துவந்து பேசி முடித்தார்கள். சாம்பல் நிறம், ஒரு பக்கம் நசுங்கல், ரேடியோ பாடாது. பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் விடியற்காலையில் ஆறிய எஞ்சின் ஒரே திருப்பில் கிளம்பியது. மெக்கானிக் கீழே படுத்து மூலை முடுக்கெல்லாம் பார்த்து, குழாயையும் ஒன்றுக்கு இரண்டு தடவை தட்டிப் பார்த்து, சரி என்றார். விலை அவள் கையில் இருந்ததைவிடக் குறைவாகவே முடிந்தது.

அடுத்த சுற்றுப் பயிற்சியின் முதல் நாள் கருக்கலில் அவள் வண்டியை எடுக்கும்போது, மாடியிலிருந்து மாமா சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார்.

"நீங்க எதுக்கு மாமா? திரும்பி பஸ்ல வரணும், கஷ்டப்படுவீங்க."

"முதல் நாள் இல்லையா" என்று சொல்லி, இந்தத் தடவை முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

வழியில் இரண்டு தடவை நிறுத்த வேண்டியிருந்தது. அப்படியும் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றபோது ஷிப்ட் மாற இன்னும் நேரம் இருந்தது. தலைமை நர்ஸ் அப்போதுதான் படியேறிக்கொண்டிருந்தாள். திரும்பி, காரைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள், வெளிறிய முகத்தோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்தாள்.

"இவர் யாரு?"

"எங்க மாமா. அவர்தான் இந்தக் காரைப் பாத்துக் குடுத்தாரு."

மாமா பதறிப்போனார். "ஐயையோ, நான் ஒண்ணும் பாக்கலைங்க. எனக்குக் காரைப் பத்தி எதுவுமே தெரியாது. சும்மா கூட வந்தேன், அவ்ளோதான்."

"அதைத்தான் மாமா சொல்றேன்" என்றாள் அவள். "எல்லா ஞாயித்துக்கிழமையும் கூட வந்தீங்க."

தலைமை நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு, "அவருக்குக் குடிக்கத் தண்ணி குடுத்து, உள்ள உக்கார வச்சிட்டு வா. நேரம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள்.