ஏதானும் நிமிஷங்ஙள்

அந்தப் பெண் குரலை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. வளைகுடாவில் எங்கள் முகாமின் டெலிபோன் பூத்தில் காலிங் கார்டைச் சுரண்டி, அதிலிருந்த நம்பரை அழுத்தினால் முதலில் வருகிறவள் அவள்தான். இங்கிலீஷுக்கு ஒன்று, இந்திக்கு இரண்டு, மலையாளத்துக்கு மூன்று. தமிழுக்கு ஒன்றுமில்லை. முகாமில் ஒரு வரிசை முழுக்கத் தமிழ் ஆட்கள், கார்டு விற்றவனுக்கு அது தெரியாதா என்ன? நான் மலையாள எல்லைக்குள் இருக்கும் முதலமடைக்காரன். வீட்டில் தமிழ், வில்லேஜ் ஆபீசில் மலையாளம். அதனால் மூன்றை அழுத்துவேன், எல்லாம் புரிந்தவன் மாதிரி.

அந்த வெள்ளிக்கிழமை காலை நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். என் தங்கைக்கு வேலந்தாவளத்திலிருந்து வரன் வந்திருந்தது, மாட்டு வியாபாரக் குடும்பம். முந்தின வாரம் அவள் போனில் அழுதாள். “எனக்கு இந்த எடம் வேண்டாங்ண்ணா. படிப்ப முடிச்சுக்கறேன். நீங்க சொன்னா அப்பா கேப்பாரு.” சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

அப்பா போனை எடுத்தார். “சாமி, மாப்பளையூட்டுக்காரங்க வந்து உக்காந்திருக்கறாங்க. உன்ற வார்த்தைக்குத்தான் காத்துட்டிருக்கறோம். மாப்பளையோட பெரியப்பாகிட்டப் பேசு.”

எங்கள் பக்கத்தில் பெரியவரிடம் எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வந்தால் மரியாதை கெட்டவன் என்பார்கள். சவுக்கியமுங்களா என்றேன். மழை உண்டுங்களா, சந்தைக்கு மாடு வருதுங்களா என்றேன். அவரும் விடவில்லை. “ஏனுங்க தம்பி, அங்க வெயிலு சாஸ்திங்களா?” வெயிலைப் பற்றி அவருக்கு விளக்கமாகச் சொன்னேன், மடையன் நான். அப்பா மறுபடி போனை வாங்கும்போது கார்டுக்காரி என் காதில் ஓதினாள்: “இனி ஏதானும் நிமிஷங்ஙள் மாத்ரம்.”

இன்னும் சில நிமிஷம்தான் என்கிறாள். நிமிஷம் என்றால் எங்களுக்கு அறுபது விநாடி. இரண்டு மூன்றாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

“என்ன சாமி, பேசி முடிச்சரலாமா?” என்றார் அப்பா.

“சரிங்கப்பா,” என்றேன். மறுத்துப் பேசுவதாக இருந்தாலும் அப்பாவிடம் அப்படித்தான் ஆரம்பிப்போம். ஆனா என்று வாயெடுத்தபோது லைன் செத்திருந்தது.

புதுக் கார்டு வாங்கி, வரிசையின் கடைசியில் நின்று, மறுபடி அழைத்தேன். வீட்டு போன் எங்கேஜ்ட். அப்பா சொந்தபந்தத்துக்கெல்லாம் சேதி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். கடைசியில் அம்மா எடுத்தாள். “நீ சரின்னு சொல்லிப் போன வெச்சதும் வெத்தலை மாத்தியாச்சு சாமி. இனி ஏதாச்சும் சொன்னா புள்ளைக்குத்தான் கெட்ட பேரு.” நானும் வாயை மூடிக்கொண்டேன்.

டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த திருச்சூர்க்காரன் ஒருவன் என் அறையில் இருந்தான். அவன்தான் விளக்கினான். நடுவில் ஒரு பெட்டி இருக்கிறதாம். அது கார்டு நம்பரை வாங்கி, வேறொரு கம்ப்யூட்டரிடம் மிச்சம் எவ்வளவு என்று கேட்டு, அதை விநாடிகளாக மாற்றி வைத்துக்கொள்ளும். எதிர்முனையில் போனை எடுத்ததும் குறைக்க ஆரம்பிக்கும். தீரப்போகும்போது கூப்பிட்டவன் காதில் மட்டும் எச்சரிக்கை. எடுத்தவர்களுக்கு ஒரு சத்தமும் கேட்காது.

“நிமிஷம்னு பறஞ்ஞால் மினிட்டல்லடா. இப்போ தீரும்னா,” என்று சிரித்தான். மலையாளத்தில் நிமிஷம் என்றால் கண நேரம்தானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை கணக்கு தெரிந்த பெட்டிக்கு, கார்டுதான் தீர்ந்தது, அவன் இன்னும் பேசி முடிக்கவில்லை என்று என் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையே. சொல்லியிருந்தால் அதன் வாய் வெந்தா போயிருக்கும்?

தங்கை படிப்பை முடிக்கவே இல்லை. இதையெல்லாம் அவளிடம் சொல்ல எனக்கு இத்தனை வருஷமும் வாய் வரவில்லை. போன மாதம் வீடியோ காலில் அவள் மகளின் காலேஜ் அட்மிஷனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பொறுக்க மாட்டாமல் கொட்டிவிட்டேன். பெட்டி, விநாடிக் கணக்கு, மலையாள நிமிஷம், எல்லாவற்றையும். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. அவள் வெண்டைக்காய் அரிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“முடியப்போவுதுன்னு உங்களுக்காச்சும் அது சொல்லுச்சுங்களேண்ணா,” என்றாள். “எனக்கு யாருமே சொல்லலீங்க.”