மெஷினில் ஒரு கோளாறும் இல்லை

இஸ்திரியக்காவிடம் வாய் கொடுத்துவிட்டு முழுசாகத் திரும்பிய ஆள் அந்தச் சலவைக்கூடத்தில் கிடையாது. சூப்பர்வைசரே அவள் பக்கம் வந்தால், பெப்பர்மின்ட்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, கேட்க வந்ததை விட்டுவிட்டு நலம் விசாரித்துவிட்டுப் போய்விடுவார். வாய்தான் அப்படி, கை தங்கம். பெரிய ஓட்டல் ஒன்றின் பின்கட்டில் இருந்தது அந்தக் கூடம். அங்கே அவள் தேய்த்து அனுப்பும் மேஜை விரிப்பில் ஒரு சுருக்கம் காட்டுங்கள், என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

அவளுக்கும் அந்த நீராவி இஸ்திரி மெஷினுக்கும் உண்டான உறவு வயிற்றுவலியில் ஆரம்பித்தது. கல்யாணத்துக்கு முன்பே துணி மடிக்கிற வேலைக்கு வந்தவள் அவள். மாதம் தவறாமல் தூரமாகிற முதல் நாள், இடுப்பைப் பிடித்து முறுக்குகிற மாதிரி வலி வரும். அப்படி ஒரு நாளில், மெஷினிலிருந்து அப்போதுதான் இறங்கிய விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார்கள். வயிற்றோடு அணைத்துத் தூக்கினாள். கட்டுப் போடுகிற மேஜைக்குப் போய்ச் சேருவதற்குள் வலி பாதியாகிவிட்டது. வேலை என்று செய்தால் இனி அந்த மெஷினில்தான் என்று அன்றைக்கே முடிவு கட்டினாள். பாய்லர்காரரைக் கட்டிக்கொண்டதுகூட, மெஷினுக்கு நீராவி அனுப்புகிறவர் அவர்தான் என்பதற்காக என்று கூடத்துப் பெண்கள் கேலி பண்ணுவார்கள். அவளும் இல்லையென்று சொன்னதில்லை.

தனக்குக் கிடைத்த சுகத்தை அவள் தனக்கே வைத்துக்கொள்ளவில்லை. "அக்கா, ஒரு துண்டு" என்று யாராவது வந்து நின்றால் போதும், மேலே கேள்வி கிடையாது. சின்னத் துண்டு ஒன்றை மெஷினில் வைத்து இரண்டு முறை மூடித் திறப்பாள், நாலாக மடிப்பாள், தன் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு நீட்டுவாள். துண்டோடு சேர்ந்து வசவும் வரும்.

"சும்மா சுருண்டு கிடக்காதே, கொஞ்சம் நட. இஞ்சி தட்டிப் போட்டு வெந்நீர் குடி. அப்பவும் அடங்கலைன்னா டாக்டர்கிட்ட போ, என்கிட்ட வந்து நிக்காதே."

அதிகம் வந்து நிற்பவள் குருவி. துணி மடிக்கிறவள், இரண்டு பிள்ளை பெற்றவள், ஆள் சின்னது என்பதால் அந்தப் பெயர். அவளுக்கு வலி வந்தால் முகம் வெளுத்துப் போகும். இஸ்திரியக்கா அவளுக்காகவே ஒரு துண்டைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் கோளாறு வந்தது. ஒரு நாள் மெஷினை மூடிக்கொண்டிருந்தபோது குப்பென்று சூடு நெஞ்சிலிருந்து கிளம்பிக் கழுத்துக்கு ஏறி முகத்தில் பரவியது. வேர்த்துக் கொட்டியது. இத்தனை வருஷம் அந்தச் சூட்டில் நின்றவளுக்கு ஒரு நொடிகூட நிற்க முடியவில்லை.

வேலையிடத்தில் அவள் புருஷனை முறை சொல்லிக் கூப்பிட மாட்டாள். "பாய்லர்காரரே, இங்க வாங்க. மூடி சரியா உக்காரலை. சூடெல்லாம் வெளிய கசிஞ்சு என் மூஞ்சிக்கு வருது."

அவர் வந்தார். மெஷினைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நீராவியை அடைத்தார். "ஆறணும். அதுவரைக்கும் போய் அந்தக் கதவுகிட்ட உக்காரு" என்றார்.

பின்கதவில் காற்று வரும். கவிழ்த்து வைத்த கூடை மேல் முனகிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவர் மெதுவாகத் திருகாணிகளைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். திரும்பி வந்து வேலையைத் தொடங்கியபோது சூடு கசியவில்லை. "பாத்தீங்களா, நான் சொன்னா சரியா இருக்கும்" என்றாள் எல்லோரும் கேட்கும்படி.

மறுநாள் மறுபடியும் கசிந்தது. அவர் மறுபடியும் கழற்றினார். அப்புறம் அதுவே வாடிக்கையாகிப் போனது. நடுவில், சூடு தாங்காமல் அவள் மூடியைச் சீக்கிரமே தூக்கத் தொடங்கியிருந்தாள். அது அவளுக்கே தெரியவில்லை. ஓட்டலிலிருந்து புகார் வந்தது, விரிப்பில் சுருக்கமாம். அவள் தேய்த்த விரிப்பில். மெஷினைத் திட்டினாள், நீராவிக் குழாயைத் திட்டினாள், அந்தக் குழாயைச் செய்தவனின் பரம்பரையைத் திட்டினாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று துவைக்கிற பக்கம் யாரோ முணுமுணுத்தார்கள். நல்லவேளை, அவள் காதில் விழவில்லை.

சூப்பர்வைசருக்கும் வேறு வழியில்லை. "கொஞ்ச நாளைக்குக் குருவி தேய்க்கட்டும்மா. நீங்க துணி ரூம்ல கட்டுப் போடுங்க" என்றார், இரண்டடி தள்ளி நின்று.

குருவி தேய்த்தாள். விரிப்புகள் கண்ணாடி மாதிரி வந்தன. அதே மெஷின், அதே மூடி. இஸ்திரியக்காவுக்கு அந்தச் சுருக்கமில்லாத விரிப்புகளைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. இனி அந்த இடம் தனக்கு இல்லை, தான் தேய்ந்து போன ஆள் என்று நினைத்தாள். அவளுக்கு அந்த மெஷின் சும்மா சோறு போடுகிற மெஷின் இல்லை. அவள் பெயரே அதுதானே.

துணி அறை தடித்த சுவர் உள்ள அறை, எப்போதும் குளிர்ச்சியாக இருக்கும். அங்கே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது, குப்பென்று வந்தது அதே சூடு. நெஞ்சு, கழுத்து, முகம். அவள் சுற்றிலும் பார்த்தாள். மெஷின் எங்கே இருக்கிறது இங்கே? மூட்டைகள்தான் இருந்தன.

ரவிக்கைக்குள் வேர்வை வழிய வழிய, அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சில மாதமாகவே தூரமாவது முறை தவறித்தான் வந்துகொண்டிருந்தது. தொல்லை விட்டது, வராத விருந்தாளியை எவள் தேடுவாள் என்று இருந்துவிட்டாள். ராத்திரியில் போர்வையை உதைத்துத் தள்ளியதும், காரணமில்லாமல் எரிந்து விழுந்ததும் (அது எப்போதும் உள்ளதுதான், ஆனாலும்) இப்போது விளங்கின. ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. கூடத்துப் பெண்களுக்கெல்லாம் வைத்தியம் சொன்னவளுக்குத் தன் உடம்பு சொன்னது கேட்கவில்லை.

லேடி டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், தைராய்டுக்கும் ரத்தம் எடுத்தார். எல்லாம் சரியாக இருந்தது. "மாதவிடாய் நிக்கப் போற வயசும்மா. இது நோய் இல்லை. பருத்தித் துணியா போடுங்க, குளிர்ந்த தண்ணி பக்கத்துல வெச்சுக்குங்க, தினமும் நடங்க, காபியைக் குறைங்க. தாங்க முடியலைன்னா வாங்க, மருந்தும் இருக்கு. உதிரப்போக்கு ரொம்ப அதிகமா இருந்தா உடனே வாங்க."

"காபியையா?" என்றாள் இவள். மற்றதெல்லாம் காதிலேயே ஏறாதது போல.

"அப்புறம், சூடான இடத்துல ரொம்ப நேரம் நிக்காதீங்க. அது இதைக் கிளப்பி விடும்."

அதுதான் குத்தியது. எந்தச் சூடு அவளை இத்தனை வருஷம் தாங்கிப் பிடித்ததோ, அதே சூடு இப்போது ஆகாது. வீட்டுக்கு வந்து புருஷனிடம் எல்லாவற்றையும் சொல்லி ஒரு பாட்டம் அழுதாள். அவர் கேட்டுக்கொண்டார். காபி கொடுக்கவில்லை.

மறுநாள் பாய்லர்காரர் சூப்பர்வைசரிடம் போய், மெஷினைப் பின்கதவுப் பக்கம் மாற்றிப் போடவா என்று கேட்டார். எதற்கு என்று அவர் கேட்டதும் இஸ்திரியக்காவே முன்னால் வந்தாள். "எனக்குத் தீட்டு நிக்கற வயசு சார். உடம்பு கொதிக்குது. காத்து இருந்தா நான் தேய்ப்பேன்."

சூப்பர்வைசருக்குப் பெப்பர்மின்ட் புரையேறியது. அவர் இருமி முடிப்பதற்குள் குருவி புகுந்துவிட்டாள். "சார், அக்காவையே போடுங்க. எனக்கு முடியாத நாள்ல நானே தேய்ச்சு நானே துண்டு மடிச்சு வெச்சுக்க வேண்டியிருக்கு. நல்லாவே இல்லை."

"சரிம்மா, சரி. வேலை கெடாம மாத்திக்குங்க" என்று அவர் தப்பித்து ஓடினார்.

விடுமுறை நாளில் பாய்லர்காரர் இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு மெஷினைத் தரையிலிருந்து பெயர்த்தார், குழாயை நீட்டினார், பின்கதவு ஓரமாக நட்டார். சாயங்காலம் கையெல்லாம் துருவோடு வீட்டுக்கு வந்தவருக்குச் சோப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு அவள் கேட்டாள். "ஏங்க, அத்தனை தடவை கழட்டிப் பாத்தீங்களே, மெஷின்ல ஒண்ணும் இல்லைன்னு ஒரு தடவைகூடவா தெரியலை?"

"முதல் நாளே தெரியும்."

"தெரிஞ்சுமா தினம் கழட்டினீங்க? சொல்றதுக்கென்ன?"

"சொன்னா என்னையும் சேர்த்து வெச்சுத் தேய்ச்சிருப்பே." அவர் நகக்கண்ணைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "மெஷின் ஓடுற வரைக்கும் நீ உக்கார மாட்டே. கழட்டினா ஆறணும். ஆறுற வரைக்கும் கதவுகிட்ட காத்துல உக்காந்திருப்பே. அதுக்குத்தான்."

அவள் அவரைத் திட்டாமல் எழுந்தாள். அவள் வாழ்க்கையில் அது முதல் தடவையாக இருக்கலாம். அடுப்படிக்குப் போய், குறைக்கச் சொன்ன காபியில் அவருக்கு மட்டும் ஒரு டம்ளர் போட்டுக்கொண்டு வந்தாள். பல நாளாகத் தன் பக்கமே ஓடிக்கொண்டிருந்த மேஜை விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, எட்டி விசிறியை அவள் பக்கமே திருப்பினார்.

"எனக்குக் குளிருது" என்றார்.