பனியில் ஒரு கறுப்புச் சொட்டு

ஜனவரியில், வடகோடிக் குளிர்நாட்டில் இருக்கும் எங்கள் கயானி ஊரில், குடியிருப்பு முற்றத்தில் எதையும் ஒளிக்க முடியாது. எந்த நாய் எங்கே காலைத் தூக்கியது என்பதுகூடப் பனியில் தெரிந்துவிடும். ரைலி ஹுர்மேயின் பழைய காருக்கு அடியில் சொட்டிய எண்ணெய் மட்டும் தெரியாமல் போகுமா?

ரைலி பள்ளிக்கூடத்துச் சமையல்காரர். பள்ளி பக்கத்துத் தெருதான். ஆனால் தேய்ந்துபோன முழங்காலை வைத்துக்கொண்டு வழுக்கும் பனியில் நடக்க முடியுமா? கார் நிற்கும் இடத்தில், ஒயர் மாட்டி இன்ஜினுக்கு மின்சாரம் கொடுக்கும் குட்டை மின்கம்பம் ஒன்று உண்டு. விடியுமுன் அது இன்ஜினைச் சூடாக்கி வைத்தால்தான் வண்டி கிளம்பும். கம்பம் போனால் ரைலிக்கு வேலையும் போய்விடும்.

குடியிருப்புச் சங்கத் தலைவர் செப்போ கைபேசியோடு வந்து சொட்டைப் படம் பிடித்தார். ‘யோ’ என்று ஆமோதிப்பதைக்கூட மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே சொல்லும் மனிதர். ஏரியில் முங்கி எழுந்தவர் பேசுவது போலிருக்கும்.

“யோ. இன்னொரு சொட்டு விழுந்தா கம்பத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவோம், ரைலி. எல்லாருக்கும் ஒரே விதிதான்.”

“படம் எடுக்கக் குனியத் தெரியுது, ஒரு அட்டையைக் கீழ தள்ளிவிடத் தெரியலையா, செப்போ?”

குளிர் கொஞ்சம் இளகிய ஞாயிற்றுக்கிழமை, ரைலி சோபா மெத்தையை முழங்காலுக்கு அண்டக்கொடுத்து வேலையில் இறங்கினார். இன்ஜின் பெல்ட்டைக் கழற்றி, எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான பழைய ஆயில் சீலில் ஒரு திருகாணியை ஏற்றி, குறடால் பிடித்து இழுத்தார். ரப்பர் கல்லாகியிருந்தது. புதுச் சீலின் உதடு போன்ற விளிம்பில் எண்ணெய் தடவி, அதே அளவுக் குழாய்த் துண்டை மேலே வைத்து, கோணாமல் தட்டித் தட்டி இறக்கினார்.

பிறகு கடுங்குளிர் வந்தது. ஒரு காலை, பனியில் சொட்டு இல்லை, குட்டையே கிடந்தது.

“வேலை தெரிஞ்சவங்ககிட்ட குடுத்திருக்கலாம்ல?” என்றார் செப்போ. “இந்த வாரத்துக்குள்ள இடத்தைக் காலி பண்ணிடு.”

தெரிந்தவர்களாம்! ரைலியின் முகம் பீட்ரூட் போலச் சிவந்தது. பிதுங்கி வந்திருந்த சீலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கிழியவில்லை, உதடும் மடங்கவில்லை.

“இது தானா வரலை. உள்ளயிருந்து எதுவோ தள்ளியிருக்கு.”

இன்ஜினின் ஆவி வெளியேறும் மூச்சுக்குழாயைக் கழற்றினார். விரல் நீளத்துக்குப் பனிக்கட்டி அடைத்திருந்தது. மூச்சுவிட வழியில்லாத இன்ஜின் சீலைத் துப்பிவிட்டது.

“இத்தனை வருஷம் உறையாதது இப்ப ஏன் உறையுது?”

பக்கத்து வீடு என்பதால் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு நினைவு வந்தது. மூச்சை உள்ளே இழுத்து, செப்போ குரலிலேயே சொன்னேன்: “யோ. கம்பத்துச் சூடு இனிமே பாதி நேரம்தான். சிக்கனம்.” போன அக்டோபர் கூட்டத்தில் அவர் சொன்னதுதான். சூடு பாதியானதால், பள்ளிக்குப் போகும் இந்தச் சின்னத் தூரத்துக்குள் இன்ஜினின் ஈரம் காயவில்லை; அதுதான் குழாயில் உறைந்துவிட்டது.

ரைலி சிரிக்கவில்லை. பனிக்கட்டியைக் காப்பிக் கோப்பையில் போட்டுக்கொண்டு, நொண்டியபடியே செப்போவின் மாடிக்கு ஏறினார். நான் பின்னால் போனேன்.

“உருகுறதுக்குள்ள பாரு, செப்போ.”

“கண்ணாடியை எங்க வெச்சேன்...”

அலமாரி, ரேடியோ மேல், ரொட்டிப் பெட்டி என்று மனிதர் நிதானமாகத் தேடினார். கண்ணாடி கிடைத்தபோது கோப்பையில் கலங்கல் தண்ணீர்தான் இருந்தது.

“யோ. தண்ணி.”

“பூட்ஸை மாட்டு. வந்து உன் காரைத் திற.”

செப்போவும் கடைக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஓட்டுகிறவர். ரைலி அவர் காரில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தார். அடியில், முட்டையும் பாலும் சேர்த்து அடித்தது போல மஞ்சள் நுரை.

“உன் இன்ஜின்லயும் ஈரம் கோத்திருக்கு. அடுத்த குட்டை உன்னோடது. அதை நீயே படம் எடுப்பியா, நான் எடுக்கட்டுமா?”

செப்போ மூச்சை உள்ளே இழுத்தார். ‘யோ’ மட்டும் வரவில்லை.

மறுநாள் படிக்கட்டுப் பலகையில் அறிவிப்பு: குடியிருப்போர் நலன் கருதி, சூடாக்கும் நேரத்தை நிர்வாகம் பழையபடி நீட்டியுள்ளது. நிர்வாகமாம், நலனாம்! ரைலியின் பெயர் இல்லை, ஒரு மன்னிப்பு இல்லை. “கம்பத்தை நீயே வெச்சுக்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார் செப்போ, தன் வீட்டுச் சொத்தைத் தானம் கொடுப்பது போல.

மூச்சுக்குழாய் மறுபடி உறையாமலிருக்க அதற்குக் கம்பளிக் காலுறை ஒன்றை மாட்டிவிட்டு, ரைலி மறுபடியும் ஒரு புதுச் சீலைத் தட்டி இறக்கிக்கொண்டிருந்தார். செப்போ வந்து எட்டிப் பார்த்தார்.

“அந்தக் காலுறை என்ன அளவு, ரைலி?”

“தள்ளி நில்லு. வெளிச்சத்தை மறைக்கிற.”