தீபாவளித் துணிக்கு ஒரு கப்பல்

எங்கள் சர்வேயர் ஒரு கப்பலில் ஏறினால் முதலில் இயந்திர அறைக்குப் போகமாட்டார். மாலுமிகள் படுக்கும் இடத்துக்குப் போவார். படுக்கைக்கு மேலே யாராவது தார்ப்பாய் கட்டியிருந்தால் மேல்தளம் ஒழுகுகிறது என்று பொருள். "ரிக்கார்டு பொய் சொல்லும். தூங்குறவன் சும்மா நனைய மாட்டான்" என்பார்.

அறுபதுகளின் நடுவில் அந்தமானில், போர்ட் பிளேரில் அவருக்கு எழுத்தராக இருந்தேன். அதற்கு முன் சென்னையில் ஒரு நாளிதழில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். தீவுகளுக்குள் சரக்கு ஏற்றுவதற்காக வாடகைக்கு வந்த கப்பல்களில் பெரும்பாலானவை என்னைவிட மூத்தவை. எந்தக் கப்பல் எந்தச் சரக்குக்குத் தகும் என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. அவர் சொல்வதை எழுதி, மூன்று படிகள் தட்டச்சு செய்வது என் வேலை.

ஓர் ஐப்பசியில் வந்த சிறிய நீராவிக் கப்பலை வாடகைக்குக் கேட்டவர், பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த காயல்பட்டினத்துக்காரர். ஊரே அவரை பாய் என்றுதான் கூப்பிடும். வடக்கே மாயாபந்தர் துறைமுகத்தில் அவர் பெயர் அப்போது கொஞ்சம் நனைந்திருந்தது. முந்தைய தீபாவளிக்கு அவர் துணி அனுப்பிய படகில் தண்ணீர் புகுந்து, சிவப்புச் சேலைகளின் சாயம் எல்லா மூட்டைகளிலும் இறங்கிவிட்டது. வேறு துணி வந்து சேர நாள் இல்லை. பாய் சாயம் ஏறியதைச் சும்மாவே கொடுத்துவிட்டார். ஆண், பெண், குழந்தை, தபால்காரர் என அந்தத் தீபாவளிக்கு மாயாபந்தர் முழுவதும் ஒரே ரோஜா நிறம்.

"இந்த வருசமும் நனைஞ்சிச்சுன்னா அந்த ஜெட்டியில நான் கால் வைக்க முடியாது தம்பி," என்றார் என்னிடம். "போன மாசம் போனேன். ஒரு பொம்பள கேக்குறா, 'பாய், இந்தத் தடவ என்ன கலரு?'ன்னு."

தீபாவளிக்குப் பதினோரு நாள் இருந்தது. வழக்கமான கப்பலில் இடமில்லை. இந்தக் கிழக் கப்பலை விட்டால் வேறு கிடையாது.

காலை எட்டு மணிக்கு மூவரும் ஏறினோம். படியின் கைப்பிடியைப் பற்றிய சர்வேயரின் உள்ளங்கை பச்சையானது. கப்பல் முழுக்கப் புதுப் பெயிண்ட். எங்களை வரவேற்க நேற்று முழுவதும் அடித்திருக்கிறார்கள். கேப்டன் ஒரு வங்காளி. எல்லாம் புத்தம் புதுசு என்று இந்தியில் பெருமை அடித்தார்.

"ஏக்தம் நயா, சாப்!"

"பெயிண்ட் நயா. கப்பல் எங்க?" என்று கேட்டபடி சர்வேயர் சுத்தியலை எடுத்தார்.

நல்ல தகடு கணீர் என்று பேசும். துருப்பிடித்த தகடு தலையணையைத் தட்டுவது போல இருக்கும். ஒரு மணி நேரம் தட்டினார். பச்சைப் பெயிண்ட் செதில் செதிலாக எங்கள் தலையில் விழுந்தது. இரண்டே இரண்டு தலையணைகள், இரண்டும் நீர்மட்டத்துக்கு மேலே. உயிர்காப்புப் படகு ஒன்றின் மூடியைத் தூக்கியபோது ஒன்பது கோழிகள் எங்களைப் பார்த்தன.

"எழுதும்," என்றார் சர்வேயர். "இரண்டாம் படகு. கோழிகள் அகற்றப்பட வேண்டும்."

மாலுமிகளின் படுக்கைகளுக்கு மேலே தார்ப்பாய் இல்லை. அதைப் பார்த்ததும் அவர் முகம் முதல் தடவையாகத் தளர்ந்தது.

அடுத்தது சரக்குக் கிடங்குகள். உள்ளே இறங்கி, மேல் மூடிகளை அடைக்கச் சொல்லி, இருட்டில் நின்று அண்ணாந்து பார்ப்போம். வெளிச்சம் நுழைகிற இடத்தில் தண்ணீரும் நுழையும். பின்கிடங்கில் ஒரு மூலையில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. முன்கிடங்கில் ஒன்றும் தெரியவில்லை. பாய் சத்தமாக மூச்சு விட்டார்.

"பெயிண்ட்டும் வெளிச்சத்த மறைக்கும் பாய்," என்றார் சர்வேயர். "தண்ணி அடிச்சுப் பாக்கணும்."

மேலே ஏறினோம்; மாலுமிகள் குழாயைக் கிடங்கு மூடிகளின் மேல் திருப்பினார்கள். கப்பலின் பம்பு இருமியது. ஒரு முழ உயரத்துக்குத் தண்ணீர் எழுந்து, அதுவும் நின்றது. உதிரிப் பாகம் கல்கத்தாவிலிருந்து வர மூன்று வாரம் ஆகும் என்றார் கேப்டன்.

"தண்ணி பாக்காம நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

பாய் ஒரு கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்தார். அப்போது எதிர்க்கரை மலை மழையில் மறையத் தொடங்கியது. முதலில் உச்சி, பிறகு இடுப்பு, பிறகு கரையோரத் தென்னைகள். சர்வேயர் என் பக்கம் திரும்பினார்.

"பம்பு மேலேருந்தே வருது. உம்ம ரூம்ல பழைய பேப்பர் இருக்குல்ல? அள்ளிட்டு வாரும். ஒரு சொட்டு விழுந்தாலும் காயிதத்துல தெரியும்."

என்னிடம் இருந்தது பழைய பேப்பர் அல்ல. சென்னைப் பத்திரிகை பதினைந்து நாளுக்கு ஒரு முறை கட்டாக வரும். நான் மொத்தமாகப் படிப்பதில்லை. தினம் காலை ஒன்று, அன்றைக்கு வந்தது போலவே பிரிப்பேன். அந்தக் கட்டில் ஒரு நகைத் திருட்டு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து நாள் படித்திருந்தேன். பத்து நாள் மீதி. சைக்கிளில் போய் அனைத்தையும் கொண்டுவந்து இரண்டு கிடங்குகளிலும் விரித்தேன்.

மூடிகளை அடைத்த பிறகு மழை இறங்கியது. அந்தமான் மழையை இரும்புக்கு அடியில் நின்று கேட்டவர்களுக்கு அந்தச் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை. பின்கிடங்கின் மூலையில் எதிர்பார்த்தபடி ஒழுகியது. முன்கிடங்குக்கு வந்தோம். இரண்டு டார்ச்சுகள். பாய் செருப்பைக் கழற்றிவிட்டு, தாள்களின் மேல் பூனை போல நடந்து பார்த்தார். சர்வேயர் குனிந்து சொட்டுத் தேடியவர், அப்படியே படிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அட! சமையக்காரன்தானா!"

"சார், சொல்லாதீங்க! நான் இன்னும் சாட்சி விசாரணையிலதான் இருக்கேன்!"

"மூணு வருசம் ஜெயில் போட்டுட்டானே!"

சிரிப்பு அடங்குவதற்குள் பாய் கத்தினார். "சார்! சொட்டு!"

ஓடினோம். ஒரு சினிமா விளம்பரத்தின் நடுவில் நாலணா அளவு ஈரம். பாயின் முகம் செத்துப்போயிருந்தது. மேலே டார்ச் அடித்தால் மூடி காய்ந்தே இருந்தது. சர்வேயர் ஈரத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு டார்ச்சைப் பாயின் தாடிக்குத் திருப்பினார். அடைத்த இரும்பறையின் புழுக்கத்தில் அதன் நுனியில் அடுத்த சொட்டு திரண்டுகொண்டிருந்தது.

"மழைத் தண்ணி உப்புக் கரிக்காது பாய். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கப்பல் நனையுது."

பாய் அந்த இருட்டில் சிரித்த சிரிப்பு மழைச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

முன்கிடங்கு துணிக்குத் தகும், பின்கிடங்கு நனைந்தால் கெடாத சரக்குக்கு மட்டும் என்று தட்டச்சு செய்தேன். மாயாபந்தர் வரை போய், வழியில் பின்கிடங்கு எவ்வளவு ஒழுகுகிறது என்று குறித்துவரச் சொல்லி என்னையும் அனுப்பினார் சர்வேயர். பின்கிடங்கில் மண்ணெண்ணெய் பீப்பாய்களுக்கு நடுவில் ஒன்பது கோழிகள் இருந்தன. கேப்டன் அறிக்கையைக் கவனமாகத்தான் கேட்டிருக்கிறார். கடலில் நான் மீதிப் பத்திரிகைகளை வரிசை மாறாமல் படித்தேன். குற்றவாளி யாரென்று தெரிந்தும், பாயின் கால் தடங்களுக்கு நடுவே சாட்சிகள் சொன்னது சுவையாகவே இருந்தது.

மாயாபந்தர் ஜெட்டியில் முதல் மூட்டையைப் பாயே பிரித்தார். சுற்றிக் கூட்டம். போன வருஷத்து ரோஜா நிறச் சேலை கட்டிய ஒருத்தி முன்னால் வந்தாள். கட்டைவிரலை நாக்கில் நனைத்து, ஒரு நீலச் சேலையின் ஓரத்தில் அழுத்தித் தேய்த்தாள். விரலை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாங்கடி! நீலம் நீலமாத்தான் இருக்கு."